இரு கண்ணும் ஒரு காட்சியும்

நமக்குக் கண்கள் இரண்டு. ஒவ்வொரு கண்ணினுள்ளும் உலகின் உருவம் தனித்தனியே விழுகின்றது. அங்ஙனமாகவும், எதிரே நிற்கும் மரத்தை நாம் இரண்டு மரமாகக் காண்பதில்லை. இரண்டு ஒன்றாவது எவ்வாறு? சிலர்க்கு அவ்வொன்று மீண்டும் இரண்டாய்ப் பிரிவது எதனால்? இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கண்ணின் பின்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உளது. அதன் நடுவிலுள்ள ஒரு சிறு குழியிலேதான் பார்வை மிகக் கூர்மையாய் இருக்கும். யாதேனும் ஒன்றை உற்று நோக்குங்கால், அதன் உருவம் இரு கண்களின் குழியிலும் விழுமாறு கண்களைத் திருப்புகின்றோம். இதன்பொருட்டுக் கண்ணொன்றுக்கு ஆறு தசைகள் அமைந்துள்ளன. மூளையினின்று வரும் மூன்று நரம்புகள் அவற்றை ஏவுகின்றன. ஒரே நுகத்திற் பூட்டிய காளைகள்போல் இரு கண்களும் ஒருங்கே இயங்குதல் இவற்றின் தொழிலேயாம்.

மேலும், வலக்கண் விழித்திரையின் ஒவ்வோர் இடத்திற்கும் ஒத்த இடம் ஒன்று இடக்கண்ணில் உண்டு. ஒத்த இடங்களில் விழும் உருவங்களை மூளை ஒன்றாகக் கொள்ளும். மிகவும் விலகிய இடங்களில் விழுவனவற்றை இரண்டாகக் கொள்ளும். இதனை எவரும் எளிதிற் சோதிக்கலாம். முகத்திற்கு நேரே ஒரு சாண் தொலைவில் விரலொன்றை நிறுத்தி, அதற்கப்பால் நெடுந்தூரத்திலுள்ள விளக்கை நோக்குக. விரல் இரண்டாகத் தோன்றும். அப்போது வலக்கண்ணை மூடினால் இடப்புறத்து விரல் மறையும். இனி விரலையே நோக்குக. விரல் ஒன்றாகி, விளக்கு இரண்டாகும்.

அவ்வுருவங்கள் சிறிதளவே வேறுபடுமாயின் விளைவு வேறாகும். கண்கள் இரண்டும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருத்தலின், ஒரே பொருளைச் சற்று வெவ்வேறு கோணங்களிற் காண்கின்றன. மூளை அவ்வேறுபாட்டைக்கொண்டே பொருளின் திண்மையையும் தொலைவையும் உணர்கின்றது. இவ்வுண்மையை ஆங்கில நாட்டு விஞ்ஞானியாகிய சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெவ்வேறாக வரைந்த இரண்டு தட்டைப் படங்களைக் கண்ணுக்கொன்றாகக் காட்டி, அவை கனவுருவாய் எழுந்து நிற்கச்செய்யும் ஸ்டீரியாஸ்கோப் என்னும் கருவியும் அவர் அமைத்ததே.

இனி, தசையேனும் நரம்பேனும் பழுதுற்று ஒரு கண் திசை தவறுமாயின் யாது நிகழும்? வலக்கண் மூக்கை நோக்கித் திரும்பியதெனக் கொள்வோம். இடக்கண்ணில் விளக்கின் உருவம் நடுக்குழியில் விழ, வலக்கண்ணிலோ குழிக்கு மூக்குப்புறமாய் விலகி விழும். விழித்திரையின் அப்பகுதி வலப்புறத்துப் பொருள்களைக் காண்டற்குரியது. ஆதலின், உண்மை விளக்கிற்கு வலப்பக்கத்தே மற்றொரு விளக்கும் தோன்றும். இதுவே இரட்டைப் பார்வை. இரண்டில் எக்கண்ணை மூடினும் இது நீங்கிவிடும். ஒரு கண்ணை மூடியபின்னும் மற்றொரு கண்ணிற் பொருள் இரண்டாகவே தோன்றுமாயின், குற்றம் அக்கண்ணினுள்ளேயே உளதென அறியலாம். கண்புரை இதற்கொரு காரணமாகும்.

வளர்ந்தோர்க்கு நீரிழிவு, தலைக்காயம், தைராய்டுச் சுரப்பியின் நோய், மூளையின் இரத்தக்குழாய்க் கோளாறு முதலியவற்றால் இரட்டைப் பார்வை வரலாம். ஆகவே, அது திடீரென வருமாயின் ஒரு நாளும் தாமதியாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

குழந்தையின் நிலை வேறு. அதன் கண் சிறுவயதிலேயே மாறுபடின், அது இரண்டாகக் காண்பதாக முறையிடுவதில்லை. வளரும் மூளை குழப்பத்திற் குட்படாமல், ஒரு கண்ணின் காட்சியைப் புறக்கணித்துவிடுகின்றது. நாளடைவில் அக்கண், வடிவிற் பழுதின்றியே பார்வை மங்கிப்போம், திண்மையுணர்ச்சியும் கைகூடாது. இளமையில் ஒரு கண்ணை மூடிவைத்த பூனைக்குட்டிகளில் மூளையின் அமைப்பே மாறுதலை ஹூபெல், வீசெல் என்னும் இருவர் ஆராய்ந்து காட்டினர். பார்வையைப்பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவர்கட்கு 1981-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதனைத் தீர்க்க வழியுண்டு. சில குழந்தைகட்கு மூக்குக்கண்ணாடி ஒன்றே போதும். சிலர்க்கு நல்ல கண்ணை நாடோறும் சில மணி நேரம் மறைத்துவைத்து, மங்கிய கண்ணுக்கு வேலைகொடுத்தல் வேண்டும். பெர்லின் நகரத்து டீஃபென்பாக் 1839-இல் தொடங்கிவைத்த தசை அறுவையும் இக்காலத்திற் பெரிதும் திருந்தியுளது. ஆயின் இவையாவும் காலத்தே செய்யப்படல் வேண்டும். ஏழெட்டு வயதிற்குப்பின் மங்கிய கண்ணைத் திருத்துதல் வரவர அரிதாகும்.

நம் நாட்டிலோ மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழ்வாரும், வளர வளரத் தானே சரியாகும் என்று வாளாவிருப்பாரும் பலர். பிறந்து மூன்று நான்கு திங்கள் வரையிற் குழவியின் கண் எப்போதேனும் விலகுதல் இயல்பே. அதற்குப் பின்னும் விலகுமாயின் அஃது இயல்பன்று. சிலபோது அது கண்ணினுள் வளரும் கட்டிக்கு முதற்குறியாகவும் நிற்கும். பள்ளியிலோ அத்தகைய சிறுவனை ஒன்றரைக்கண்ணன் என எள்ளி, அவன் மனத்தையும் புண்படுத்துகின்றோம்.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியராய்ச் சிற்றூர்களுக்குச் செல்வர். அவர்கள் வகுப்பில் கண் மாறிய சிறுவன் ஒருவன் இருப்பின், அவனைப் பெற்றோர்க்கு உண்மையை எடுத்துரைத்துக் கண் மருத்துவரிடம் அனுப்புவார்களாக. ஒரு கண்ணின் ஒளி அவ்வொரு சொல்லால் நிலைபெறக்கூடும்.