பனிச்சறுக்கு: ஒரு முதற்பாடம்

தமிழில் ‘பனி’ என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி; மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூடுபடலமும் பனி; இமயத்தின் தலையில் கிடப்பதும் பனிதான். வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து, முழங்கால் அளவு குவிந்து, மாதக்கணக்கில் கரையாமல் கிடக்கும் பனியோடு நம்மவர்க்குப் பழக்கமில்லை. காஷ்மீரத்தார் அதனை ‘ஷீன்’ என்பர். அந்தப் பனியின்மேல், இரண்டு நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. இது செல்வர் விளையாட்டு, மேனாட்டார் விளையாட்டு, வெயிலில் வளர்ந்த நமக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் நம் மாணவரிடையே பரவலாக இருக்கிறது. இமயத்துக்கு ஓரிரவுப் பயணத் தொலைவில் நான்கு ஆண்டுகள் படித்தும், பனியை மிதிக்காமலே ஊர் திரும்புவோர் நம்மில் பலர். 2023 பிப்ரவரி நடுவில் நண்பர் இருவருடன் குல்மார்க்கில் ஏழு நாள் தங்கி இதன் அரிச்சுவடியைக் கற்றேன். அங்கே கற்றவற்றை, இனிக் கற்க விரும்புவோருக்குப் பயன்படுமாறு இங்கே வகைப்படுத்தி எழுதுகிறேன்.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் தொட்டபெட்டாவில் உறைபனி படிவதோடு சரி. குல்மார்க்கிலோ ஆள் உயரப் பனி விழும். காரணம், முன்னது நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையிலும் பின்னது 34 பாகையிலும் அமைந்திருப்பது. மேலும், குளிர்காலத்தில் மேற்கேயிருந்து வரும் ஈரக்காற்று காஷ்மீர மலைகளில் மோதி நிற்பது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாட்களை அவ்வூரார் ‘சில்லை கலான்’ என்பர்; பெருங்குளிர்க் காலம் என்பது பொருள். நல்ல பனி அந்நாட்களில்தான் சேரும். சறுக்குவோர்க்கு ஏற்ற காலம் ஜனவரி நடு முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை.

பனிச்சறுக்கு முதலில் விளையாட்டாகத் தோன்றவில்லை. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் வேட்டைக்கும் போக்குவரத்துக்கும் பல்லாயிரம் ஆண்டுகளாக அது பயன்பட்டு வந்தது. நார்வே நாட்டின் மோர்கெடால் சிற்றூரைச் சேர்ந்த சோன்ட்ரே நார்ஹைம் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் குதிகாலையும் சுற்றிக் கட்டும் கட்டினை அமைத்தார். பலகையின் இடையைச் சற்றே ஒடுக்கினார். இவற்றால் பலகையைத் திருப்புவது எளிதாயிற்று. 1890களில் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, செங்குத்தான ஆல்ப்ஸ் சரிவுகளில் இறங்கும் முறையை ஒழுங்கான பாடமாக்கினார்.

இவ்வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ‘ஸ்லாலம்’ பந்தயத்தை, 1922இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் என்னும் ஊரில் இன்றைய முறையில் வகுத்தவர் ஆர்னால்டு லன். அவர் 1888இல் சென்னையில் பிறந்தவர்! நூறு ஆண்டு கழித்து, 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், குல்மார்க் பகுதியில் வளர்ந்த ஆரிஃப் கான் இந்தியாவின் சார்பில் அதே ஸ்லாலம் ஓட்டத்தில் கலந்துகொண்டார். மேனாட்டு விளையாட்டு என்று ஒதுக்குவோர் இவ்விரு செய்திகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிற்க. இனிப் பாடத்துக்கு வருவோம்.

முதற்கண் கருவிகள். காலணி கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. கணுக்காலை அசையவிடாமல் இறுக்கி, முழங்காலைச் சற்று முன்னோக்கி மடங்கச் செய்யும். அதை அணிந்து நடப்பது காலில் அம்மியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். பலகையில் ஏறியபின்தான் அதன் அருமை தெரியும். தொடக்கநிலையினர்க்குப் பலகையின் உயரம் நிலத்தில் நிறுத்தினால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்டதாக இருந்தால் போதும். காலணியையும் பலகையையும் இணைக்கும் பூட்டே எல்லாவற்றிலும் முக்கியமானது. விழும்போது குறிப்பிட்ட விசைக்குமேல் முறுக்கு ஏற்பட்டால் அது தானே திறந்து காலை விடுவிக்கும். அவ்விசையை எடை, உயரம், வயது, காலணியின் நீளம், பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு அமைப்பர். ஆகவே கடைக்காரர் எடையைக் கேட்டால் கூச்சமின்றி உண்மையைச் சொல்லுக. பொய் சொன்னால் தண்டனை முழங்காலுக்கு.

உடை பற்றி ஒரு சொல். நாம் பெரிதும் விரும்பும் பருத்தி அங்கே பகை. வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூலாடை, நடுவே கம்பளிச் சட்டை, மேலே நீர் புகாத உறை என மூன்று அடுக்குகள் வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். புதிய பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி வீசும். ஆகையால் கருங்கண்ணாடி இல்லாமல் வெளியே செல்லலாகாது.

முதல் நாள் எங்கள் ஆசிரியர் எங்களைச் சறுக்கவே விடவில்லை. அவர் தங்மர்க் பக்கத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும், இந்தியில் பேசினார். “முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார். விழுவதற்கும் ஒரு முறை உண்டு. மலைப்பக்கமாக, இடுப்பின் ஓரத்தில், உட்காருவதுபோல் சாய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். எழும்போது பலகை இரண்டையும் உடலுக்குக் கீழ்ப்புறமாக, சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு எழ வேண்டும். ஒரு பந்தை விட்டால் அது எந்த வழியே உருளுமோ அதுவே சரிவுக்கோடு. அக்கோட்டுக்குக் குறுக்கே பலகை இருந்தால் அது நகராது; அதன் வழியே இருந்தால் நிற்காது. இந்த ஒன்றை அறிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. பின்னர், பலகையின் மேல்விளிம்பைப் பனியில் பதித்துப் பக்கவாட்டில் படியேறுவதுபோல் ஏறக் கற்றோம். இருபது அடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிற்று. உயரமான இடம் அல்லவா? வந்திறங்கிய நாளில் ஓய்வெடுப்பதும் தண்ணீர் மிகுதியாகக் குடிப்பதும் நன்று.

இரண்டாம் நாள்தான் பனிச்சறுக்கின் உட்பொருளை உணர்ந்தேன். மேலே நிற்கும் ஒருவனிடம் உயரம் என்னும் செல்வம் இருக்கிறது. இறங்க இறங்க அது வேகமாக மாறுகிறது. தடை எதுவும் இல்லையெனின், பத்து மீட்டர் உயரம் இறங்கியவனின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டராகிவிடும் என்று பள்ளிக்கூட இயற்பியலே சொல்லும். சரிவின் இழுப்பும் அப்படியே. 10 பாகைச் சரிவில் நம்மை இழுக்கும் விசை நம் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 30 பாகையில் அது சரிபாதி. பலகைக்கும் பனிக்கும் இடையே உராய்வால் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதால் தடையும் மிகக் குறைவு. இந்நிலையில் உயரத்தை ஒரே மூச்சில் செலவிட்டால் அழிவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த அறிவுரை பனிமலைக்கே சொன்னதுபோல் இருக்கிறது. உயரத்தை அளந்து அளந்து செலவிடும் கலையே பனிச்சறுக்கு.

அளப்பதற்கு முதற்கருவி ஆப்பு நிலை. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரித்தால், ஓட்டுவீட்டுக் கூரையின் முகடு போன்ற வடிவம் கிடைக்கும். உள்விளிம்புகள் பனியைச் சீவும், வேகம் குறையும். இன்னும் விரித்தால் நின்றுவிடும். இந்நிலையில் வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பலாம். இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம். அழுத்துவது எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புவது முதலில் வியப்பாக இருக்கும். வலப்பலகையின் நுனி இடப்பக்கம் நோக்கியிருப்பதை நினைத்தால் வியப்பு நீங்கும். இவ்வாறு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி, ஆட்டுக்காரர் மலையில் ஏறும் ஒற்றையடிப் பாதைபோல் வளைந்து இறங்கினால், எவ்வளவு பெரிய சரிவும் சிறு சரிவாகிவிடும்.

கேட்க எளிது. மூன்றாம் நாள், சற்றுச் செங்குத்தான ஒரு மேட்டின் உச்சியில் நின்றபோது உடல் வேறு கதை சொல்லிற்று. கீழே பார்த்ததும் முதுகு தானாகவே மலைப்பக்கம் சாய்ந்தது. திருநெல்வேலி நண்பர் கேட்டார்: “மலைப்பக்கம் சாய்ந்தால்தானே பத்திரம்?” நாங்கள் மூவரும் அப்படியே நினைத்தோம். ஆசிரியர் தலையசைத்தார். “தம்பி, பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டுவிடும். அப்புறம் அது உங்கள் பேச்சைக் கேட்காது. பள்ளத்தை நோக்கிச் சாயுங்கள், காலணியின் முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே அழுத்த வேண்டும்” என்றார். அறிவியல் முறையிலும் இதுவே சரி. எடை பின்னால் போனால் திருப்பும் வேலையைத் தொடங்கும் முன்பகுதி இலேசாகிறது, விளிம்பு பதிவதில்லை, பலகை நேராக ஓடுகிறது, வேகம் கூடுகிறது, அச்சம் கூடுகிறது, இன்னும் பின்னால் சாய்கிறோம். முன்னால் சாய்ந்தாலோ பலகை நம் கைக்குள் வருகிறது.

ஆக, அங்கே அச்சம் காட்டும் வழியே ஆபத்தான வழி. இதைப் புத்தகத்தில் ஆயிரம் முறை படித்தாலும் முழங்கால் நம்பாது. நெஞ்சு படபடக்க, முகத்தைப் பள்ளத்துக்குக் கொடுத்து, ஒருமுறை சாய்ந்து பார்க்க வேண்டும். நான் சாய்ந்தேன். பலகை திரும்பிற்று. அந்த ஒரு திருப்பத்தின் மகிழ்ச்சி எந்தத் தேர்வு முடிவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நாங்கள் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கையில், ஏழு வயதுக் காஷ்மீரச் சிறுவன் ஒருவன் ஊன்றுகோல்கூட இல்லாமல் எங்களைக் கடந்து சென்றான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துணிவு வேறு, துடுக்கு வேறு. குல்மார்க்கின் கம்பிவடத் தொட்டிலில் ஏறினால், 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேல், அஃபர்வத் மலைத்தோளில் கொண்டுபோய் விடும். அங்குள்ள சரிவுகள் தேர்ந்தவர்க்கே உரியன. பனிச்சரிவு விபத்துகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. நாங்கள் செல்வதற்குச் சில நாள் முன்பு, 2023 பிப்ரவரி 1ஆம் நாள், அம்மலையில் பனி சரிந்து போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர் மாண்டனர். நாங்கள் தங்கிய நாட்களில் ஊர் முழுவதும் அதே பேச்சாக இருந்தது. தொடக்கநிலையினர் ஊரை ஒட்டிய மென்சரிவுகளை விட்டு நகரலாகாது. இன்னொன்று: இரவில் அடைத்த அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்குதல் கூடாது. அதன் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விடைபெறும் நாளில் ஆசிரியர் வானத்தைப் பார்த்தவாறு, முன்போல் பனி உரிய காலத்தில் விழுவதில்லை என்றார். அடுத்த ஆண்டே அது கண்கூடாயிற்று. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியின்றிக் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. நமக்கு அது செய்தித்தாள் செய்தி. ஆசிரியருக்கும், பலகை வாடகைக்கு விடுவோருக்கும், விடுதிப் பணியாளருக்கும் அது ஓராண்டின் உலை அரிசி. வளிமண்டலம் வெப்பமடைதல் என்று வகுப்பறையில் நாம் படிக்கும் பாடத்துக்கு மலையில் இப்படியொரு முகம் இருக்கிறது.

கற்க விரும்புவோர்க்கு இறுதியாகச் சில குறிப்புகள். குல்மார்க்கிலும் மணாலியிலும் அரசு நிறுவனங்கள் பனிச்சறுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. அவற்றில் இடம் பெற முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கருவிகளை விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் தோப்புக்கரணம் போடுக. முழங்காலும் தொடையும் வலுப்பெற அதைவிட எளிய வழி இல்லை. பள்ளியில் தண்டனையாகப் போட்டது இங்கே பயிற்சியாக உதவும். ஆசிரியர் இல்லாமல் முதல் மூன்று நாள் பலகையில் ஏறலாகாது. ஏழு நாளில் எவரும் வீரராகிவிட முடியாது. எனினும் நினைத்த இடத்தில் நிற்கவும், நினைத்த பக்கம் திரும்பவும் கற்றுவிடலாம். எங்கள் மூவருக்கும் அது கைகூடிற்று. வரும் குளிர்காலத்தில் நம் சங்கத்திலிருந்து ஒரு குழுவாகச் செல்ல முடியுமானால், தோப்புக்கரணத்தை இன்றே தொடங்கலாம்.