ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறீர்களா? ஒரு நிமிஷம்!

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவு 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக் 5 ரிங்கிட். நோயாளிகளின் பாதுகாப்புக்கென்றே சுகாதார அமைச்சு 2013-இல் 13 இலக்குகளை வகுத்தது. அந்த இலக்குகளெல்லாம் டாக்டர்களும் மிஸிகளும் பார்க்க வேண்டிய வேலை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம்மால் காசு செலவில்லாமல் செய்ய முடிந்தவை இவை.

1. கிள்ளானில் எந்தக் கிளினிக்கிலும் "சரஸ்வதி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் முனியாண்டிதான்! அதனால்தான் மருந்து கொடுக்கும்போதும் ரத்தம் எடுக்கும்போதும் பெயரோடு ஐசி எண்ணையும் கேட்கிறார்கள். "சரஸ்வதிதானே?" என்றால் தலையாட்டிவிடாமல், முழுப்பெயரையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

2. "அந்த வெள்ளை மாத்திரை, ராத்திரி போடுவேனே..." என்று டாக்டரிடம் இழுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரே பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முட்டிவலி மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள்.

3. யாராவது "சர்க்கரைக்குக் கைகண்ட மருந்து" என்று புட்டியை நீட்டினால், முதலில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹாலோகிராம் ஸ்டிக்கரையும் தேடுங்கள். எண்ணின் கடைசி எழுத்து 'டி' (T) என்றால் பதிவான பாரம்பரிய மருந்து. எண்ணும் ஸ்டிக்கரும் இல்லையா? வாங்காதீர்கள், காசும் மிச்சம், கிட்னியும் மிச்சம்.

4. மருந்துப் பொட்டலத்தில் 'செபெலும் மாக்கான்', 'செலெப்பாஸ் மாக்கான்' என்று மலாயில்தான் இருக்கும். நமக்குத் தெரியும், பாட்டிக்கு? சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு வைத்த தட்டு, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று மார்க்கர் பேனாவால் வரைந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இது பேரப்பிள்ளைகளின் வேலை.

5. கட்டில் தலைமாட்டில் 'புவாசா' (நோன்பு, அதாவது வெறும் வயிறு) என்று அட்டை தொங்கினால், டிஃபன் கேரியரைத் திறக்கவே கூடாது. "நோன்பு மாசம்கூட இல்லையே" என்று எங்கள் பெரியம்மா பெரியப்பாவுக்கு இரண்டு இட்லியை ஊட்டிவிட, ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாய் மைலோவும் சாப்பாட்டுக் கணக்குதான்.

6. ஒருமுறை மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்திருந்தால், பார்மசியில் அலர்ஜி அட்டை கேட்டு வாங்கி ஐசிக்குப் பின்னால் செருகிவையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது நமக்காகப் பேசுவது அதுதான்.

7. வார்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவும் திரவத்தை 20, 30 விநாடி தேயுங்கள். "டாக்டர், கை துடைச்சிட்டீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

8. பெரியவர்கள் வார்டில் வழுக்கி விழுவது பல நேரம் பாத்ரூம் அவசரத்தில்தான். தரையில் புரளும் கைலியும் தேய்ந்துபோன செருப்பும் வீட்டிலேயே இருக்கட்டும். அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. டாக்டர் காலை ரவுண்டு வரும்போது கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். மூன்றே கேள்விகளை முந்தின இரவே எழுதிவையுங்கள். பதிலையும் அதிலேயே குறித்துவிட்டால், சாயங்காலம் வரும் தம்பி பழையபடி ஆரம்பத்திலிருந்து கேட்க மாட்டான்.

10. பார்மசி டிரைவ்-த்ரூவில் வாங்கிய இன்சுலினைக் காரிலேயே வைத்துவிட்டுப் பசாருக்குள் போகாதீர்கள், நம்ம ஊர் வெயில் அதைக் கெடுத்துவிடும். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு போதும். ஐஸ் பெட்டிப் பக்கம் வைத்து உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளைத் தபாலில் அனுப்பும் வசதியும் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு, கேட்டுப்பாருங்கள்.

11. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பார்க்கிங் தேடி அலைய வேண்டாம். மோனோரெயிலில் தித்திவாங்சா, அங்கிருந்து எம்.ஆர்.டி.யில் ஒரே ஸ்டேஷன்.

12. உங்களுக்கே இருமலோ சளியோ இருந்தால் நோயாளியைப் பார்க்க எதில் ஏறியும் போகாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவில் முகத்தைக் காட்டுங்கள். வாங்கிவைத்த ஆரஞ்சுப் பழப் பையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினால் போதும்.