பகுத்தறிவதும் பாகுபடுத்துவதும்: ஓர் ஆங்கிலப் பெயரடையைக் கற்பித்தல்

ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்து, பொருளில் எதிரெதிர்த் திசையில் நிற்கும் இரண்டு பெயரடைகள் உண்டு. ஒன்று ‘டிஸ்கிரிமினேட்டிங்’, மற்றொன்று ‘டிஸ்கிரிமினேட்டரி’. முன்னது பாராட்டு, பின்னது குற்றச்சாட்டு. ஒருவரைப் புகழ நினைத்துப் பின்னதை எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். உயர்நிலை வகுப்புகளில் இச்சொற்களைக் கற்பிக்க நான் கையாளும் வழியை இங்கே பகிர்கிறேன்.

சொல்லின் வேர்

இவ்விரண்டுக்கும் மூலம் இலத்தீன் மொழி. அங்குள்ள ‘கெர்னெரே’ என்ற வினைக்குச் சலித்தல், பிரித்தல் என்பது பொருள். சல்லடையில் மாவு வேறு, கப்பி வேறு ஆவதைப் போலப் பிரித்துக் காண்பதே இச்சொற்குடும்பத்தின் அடிப்படை. ‘டிஸ்ஸர்னிங்’ என்ற பெயரடையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘டிஸ்கிரிமினேட்’ என்ற வினை முதலில் வேறுபாடு அறிவதை மட்டுமே குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இன ஒதுக்கலைக் குறிக்கவும் அது பயன்படத் தொடங்கியது. இன்று செய்திகளில் நாம் அதிகம் காண்பது இந்தப் பிற்காலப் பொருளைத்தான்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. ‘பகு’ என்ற ஒரே வேரிலிருந்துதான் பகுத்தறிவும் வந்தது, பாகுபாடும் வந்தது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் மாணவர்களுக்குப் பாதி விளங்கிவிடுகிறது.

உள்ளூர் எடுத்துக்காட்டு

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு வாங்க வரும் நூற்பாளர், கூட்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பார். மெலிந்த கூடு எது, கறைபட்ட கூடு எது, இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு எது என்று பிரித்தறிவார். அவர் ‘எ டிஸ்கிரிமினேட்டிங் பையர்’. அதே நூற்பாளர், கூட்டின் தரத்தைப் பாராமல் அதைக் கொண்டுவந்த விவசாயியின் சாதியைப் பார்த்து விலையைக் குறைத்தால், அது ‘எ டிஸ்கிரிமினேட்டரி ஆக்ட்’. முதலாவதில் அவர் பார்த்தது பொருளை. இரண்டாவதில் பார்த்தது, பொருளோடு தொடர்பே இல்லாத ஒன்றை.

முன்னிடைச்சொல் தரும் துப்பு

வினையாக வரும்போது அடுத்து வரும் சொல்லைக் கவனிக்கச் சொல்லலாம். ‘பிட்வீன்’ வந்தால் வேறுபாடு அறிதல். ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால் ஓரவஞ்சனை. ‘டிஸ்கிரிமினேஷன்’ என்ற பெயர்ச்சொல் இரு பொருளுக்கும் பொது. அதன் பொருளைச் சூழலே சொல்லும்.

வினாத்தாள் தயாரிப்பில் நாம் பேசும் ‘பிரித்தறியும் திறன்’ முதல் பொருளைச் சேர்ந்தது. 37 பேர் எழுதிய தேர்வில் மேல்நிலை 27 விழுக்காட்டினர் 10 பேர், கீழ்நிலையினர் 10 பேர் என்று கொள்வோம். ஒரு வினாவுக்கு மேல்நிலையில் 8 பேரும் கீழ்நிலையில் 3 பேரும் சரியான விடை எழுதினால், அதன் பிரித்தறியும் குறியீடு 0.5. அது நல்ல வினா.

சட்டம் சொல்வது

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதெல்லாம் பாகுபாடு ஆகாது என்பதற்கு நம் மாநில வரலாறே சான்று. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 1951இல் முதல் சட்டத்திருத்தம் 15(4) உட்பிரிவைச் சேர்த்தது. பின்தங்கிய வகுப்பினரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அது வழிவிட்டது.

வகுப்பறையில்

இந்தச் சொல் நமக்கே ஒரு கேள்வியை வைக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தறிகிறோம். எந்தக் குழந்தைக்கு இன்று எது தேவை என்று அறிவதற்கான பிரிப்பு அது. ஆனால் ‘அரும்பு’ என்பது ஒரு குழந்தையின் பட்டப்பெயராகி, அவள் கடைசி வரிசையிலேயே அமர்ந்து, அவளிடம் கேள்வி கேட்பதும் நின்றுவிட்டால், முதல் சொல் இரண்டாம் சொல்லாகிவிடுகிறது. பிரிப்பதற்கும் ஒதுக்குவதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். அடுத்த மதிப்பீட்டில் அவள் நிலை மாற வாய்ப்பிருக்கிறதா என்று பார்த்தால் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாக்கி, கீழ்க்காணும் சூழல்களுக்கு எந்தப் பெயரடை பொருந்தும் என்று காரணத்துடன் கூறச் செய்யலாம்.

1. செந்தூரா, நீலம், பெங்களூரா மாங்காய்களை மணத்தைக் கொண்டே இனம்காணும் வியாபாரி.
2. ஒரே வேலைக்குப் பெண்களுக்குக் குறைந்த கூலி தரும் வழக்கம்.
3. நூலகத்தில் நல்ல நூல்களைத் தேடித் தேர்ந்தெடுக்கும் மாணவி.
4. மாற்றுத்திறனாளி மாணவரை விளையாட்டில் சேர்க்காத விதி.

பின்னர் ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலிருந்து இரு பெயரடைக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டைச் சொல்லட்டும். இரண்டாம் பெயரடைக்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டுகளை அவசரப்படாமல் கேளுங்கள். அவற்றில் சில, நம் பள்ளியில் உடனே சரிசெய்ய வேண்டியவையாக இருக்கலாம்.