ரத்தத்தில் ஏறும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள முகிலா,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 186 தானே, பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதே தாளில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 238, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 34 என்று இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு எண்களும்தான். முதலாவது 150-க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது ஆண்களுக்கு 40-க்குக் குறையக் கூடாது. ஒன்று ஏறி மற்றது இறங்கும் இந்தச் சேர்க்கை நம்மவர்களிடம் மிகவும் சகஜம்.

எண்ணெயையும் முட்டையையும் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாய். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை, டீயில் சர்க்கரையும் குறையவில்லை. தேவைக்கு மேல் வருகிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்பிவிடும். அந்தப் பொட்டலத்தில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடுதான். இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காதபோது இது இன்னும் கூடும். மதுவும் கூட்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால், இந்தக் கொழுப்பை எடுத்து எரிக்க வேண்டிய தசைகள் சும்மா கிடக்கும்.

ஒல்லியாக இருப்பவனுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதே. 2004-இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஞ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது, எடை பார்க்கும் மெஷின் அதைக் காட்டாது. அதனால்தான் இடுப்பளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று எல்லை மீறினால் அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்பார்கள். சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. உனக்கு இரண்டு ஏற்கெனவே மீறிவிட்டன, இந்த வயதிலேயே.

ட்ரைகிளிசரைடு சொன்னபடி கேட்கிற எண் என்பதுதான் ஆறுதல். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கு. மீதி இடத்தைக் கீரை, சுண்டல், மீன் நிரப்பட்டும். நிறுத்திய முட்டையைத் திரும்பச் சேர்த்துக்கொள். குளிர்பானம் வேண்டாம், பழத்தை ஜூஸாக்காமல் அப்படியே சாப்பிடு. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நட. எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். தைராய்டு கோளாறும் இதை ஏற்றக்கூடும் என்பதால் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடு. மருந்துக் கடையில் நீயாக மாத்திரை வாங்காதே.

மூன்று மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி ரத்தம் கொடு. அதற்கு முன், இன்றைக்கே ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா