வண்டிக்கூலியின் கணக்கு

ஒரு மூடை வெங்காயம் என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். அந்த மூடை தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போய்ச்சேர எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்கத் தொடங்கிவிடுவோம். பல ஊர்கள் அலைந்து காணிக்குத் திரும்பியவர்களும், இன்னும் பிறர் காணியில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அதே நிலம். பாதையும் வாகனமும்தான் மாறிவிட்டன. ஆகவே இம்முறை போக்குவரத்தைப் பற்றிச் சிறிது படிப்போம்.

மாட்டுவண்டியிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலேயர் காலத்தில் கண்டி மலைகளில் விளைந்த கோப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டுவண்டிகளிலேயே போனது. பயணத்துக்குப் பல நாட்கள் பிடித்தன. வழியெல்லாம் மாட்டுக்குத் தீனி வேண்டும், வண்டிக்காரருக்குச் சோறு வேண்டும். மாட்டுக்கு நோய் வந்தால் வண்டி நின்றுவிடும், கோப்பி நனைந்துவிடும். தோட்டத் துரைமார் ரயில் வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் ரயில் ஓடியது. நாம் இன்று சனங்களின் வாகனமாக நினைக்கும் ரயில், முதலில் கோப்பி மூடைகளுக்காகப் போடப்பட்டது. பின்னர் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. தண்டவாளம் அழியவில்லை. அதே பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே ஒரே பலத்தைக்கொண்டு றோட்டில் இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை இழுக்கலாம். ஆனால் பாதை போட, பாலம் கட்ட, நிலையம் அமைக்க முதலிலேயே பெரும் பணம் வேண்டும். பெருந்தொகைப் பாரம் நாளாந்தம் போனால்தான் அந்தப் பணத்துக்குப் பயன் உண்டு.

வடக்கில் 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி, 1905இல் தெற்கோடு இணைந்தது. ஆனால் 1970களில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தடை இருந்து நமது தோட்டங்கள் செழித்த காலத்தில், கமக்காரர் பெரும்பாலும் லொறியையே நாடினர். ஒரு மைலுக்கு லொறிதான் செலவு கூடியது. அப்படியிருந்தும் ஏன்? ரயிலில் அனுப்பினால் தோட்டத்தில் வண்டியில் ஏற்றி, நிலையத்தில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, மறுபடி கடைக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்றி இறக்கலுக்கும் கூலி உண்டு, மூடை கிழியும், நாள் போகும். லொறியோ தோட்டத்து வேலியோரம் வந்து ஏற்றிப் புறக்கோட்டைக் கடைவாசலில் இறக்கியது. கிட்டிய சந்தைகளுக்குத் தட்டிவான் இருந்தது. அதில் மனிதரும் வாழைக்குலையும் கோழியும் ஒன்றாகப் போனதால் வாகனம் வெறுமையாக ஓடவேயில்லை. இன்றைய பஸ்களில் ஒரு கடகம் ஏற்றுவதற்கே நடத்துனரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. அப்போது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயைத் தாங்கின. புதிய கார்கள் தாங்கவில்லை, கொட்டிலில் நின்றன. பழையதற்கு மதிப்பு ஏறியது. மற்றெல்லாம் சைக்கிளில் போயின: விறகு, நெல், நோயாளி, பிள்ளை, கதிரை. நாம் சிறுவராக மூடை கட்டிய சைக்கிளைப் பின்னால் நின்று தள்ளிய நாட்கள் இன்னும் கைகளுக்கு நினைவிருக்கின்றன.

இதைப் பின்னேற்றம் என்று சிலர் சொல்வர். நாம் அப்படிக் கருதவில்லை. எண்ணெய் அரிதாகி மனித உழைப்பு மலிந்த இடத்தில் சைக்கிளே சரியான தொழில்நுட்பம். நடப்பவரின் உழைப்பைக்கொண்டே சைக்கிள்காரர் மூன்று மடங்கு தூரம் போகிறார். 1954இல் வியட்நாமில் தியன் பியன் பூ போருக்கு ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல் கட்டித் தள்ளிச் சென்றார்கள். மாட்டுவண்டி, ரயில், லொறி என்ற வரிசை ஏணிப்படி அல்ல. எது அரிது, எது மலிவு என்பதைப் பொறுத்தே வாகனம் மாறுகிறது.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. சனங்கள் கிளாலிக் கடலேரியை இரவில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தார்கள். விளைச்சலை அப்படி வெளியே அனுப்ப முடியாது. ஆகவே விளைச்சல் காலத்தில் மரக்கறி மலிந்தது, வெளியிலிருந்து வரும் சவர்க்காரம் எட்டாத விலைக்கு ஏறியது. கொழும்பின் தூரம் மைலில் மாறவில்லை, செலவில் மாறியது.

2002இல் ஏ9 பாதை திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பின் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயிலும் யாழ்ப்பாணம் வந்தது. நல்லது என்று மகிழ்ந்தோம். ஆனால் மலிவான பாதை இரு பக்கமும் திறந்திருக்கும். 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு நமது மரக்கறி போகிறது, அங்கிருந்து மரக்கறி நமது சந்தைக்கும் வருகிறது. முன்பு செலவுமிக்க பாதை நமக்கு ஒரு வேலியாகவும் இருந்தது. அந்த வேலி இப்போது இல்லை.

இனி நமது கணக்கு. படிப்பதற்காக வைத்துக்கொள்வோம்: ஒரு லொறிக்கு வாடகை 30,000 ரூபா. 100 மூடை ஏற்றினால் மூடைக்கு 300 ரூபா. உங்கள் 20 மூடையோடு மட்டும் போனால் மூடைக்கு 1,500 ரூபா. லொறியும் தூரமும் ஒன்றே. மூடை 4,000 ரூபாவுக்கு விற்றால் முதலாமவர் கையில் 3,700, மற்றவர் கையில் 2,500. நடுவே நிற்கும் வியாபாரி பல வீட்டு மூடைகளைச் சேர்த்து ஏற்றுவதாலேயே மலிவாகக் கொண்டுபோகிறார். ஐந்து குடும்பங்கள் ஒரே கிழமையில் அறுவடை செய்யத் திட்டமிட்டால் அதே மலிவு அவர்களுக்கும் கிடைக்கும். நடுகையை ஒரே நாட்களில் செய்ய வேண்டும், தரம் பிரிக்கவும் பணம் பகிரவும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இதில் சண்டை வந்து கலைந்த குழுக்களும் உண்டு. பெரும்பாலும் எடை எழுதாமல் விட்டதே காரணம்.

எண்ணெய் விலையையும் மறக்க வேண்டாம். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. மண்ணெண்ணெய்ப் பம்பில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு, மூடை லொறியில் ஏறுமுன்பே செலவு ஏறிவிட்டது. அந்த ஆண்டில் நகரத்தவரும் சைக்கிளைத் தேடினார்கள்.

அடுத்த முறை லொறிக்காரரிடம் வாடகை பேசும்போது, இங்கு வரும்போது என்ன ஏற்றி வந்தார் என்று கேளுங்கள். சீமெந்தோ சாமானோ ஏற்றி வந்தவருக்கு வந்த செலவு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, திரும்பும் பயணத்துக்கு அவர் குறைத்துப் பேசுவார். வெறுமையாக வந்தவர் இரு பயணத்துக்கும் உங்களிடமே கேட்பார்.