மழைக்காலத் தும்மலும் இடுப்புச் சுற்றளவும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் காலை நடைக்காரர்கள் காணாமல் போவார்கள். மருந்துக்கடை முன்னால் தும்மிக்கொண்டு நிற்கிற கூட்டம் சேரும். பாதிப்பேர் அதே ஆட்கள்தான். ஒவ்வாமையை மூக்குச் சமாச்சாரமாகவும் பருமனை வயிற்றுச் சமாச்சாரமாகவும் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். போகி முடியும்வரை இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்.

மூக்கடைத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் பசி கூடும், நடக்கத் தெம்பிருக்காது. மழைக்கு பஜ்ஜி வேறு. எடை ஏற ஏற, வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரல் விரிய இடமில்லாமல் செய்யும். வீசிங் உள்ளவருக்கு இன்ஹேலர்கூட முன்புபோல் கேட்காமல் போகலாம்.

முதலில் படுக்கையைப் பாருங்கள். தும்மலுக்குக் குளிரைத் திட்டுகிறோம். பல வீடுகளில் காரணம் தலையணைக்குள் குடியிருக்கிறது. டஸ்ட் மைட் எனப்படும் தூசு உண்ணி, நாம் உதிர்க்கும் தோல் செதிளைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிழைப்பது. அதற்கு மழைக்காலம் திருவிழா. வெயில் தலைகாட்டும் நாளில் மெத்தை, தலையணையை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் உண்ணி சாகாது. ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடாதீர்கள். வேறு இடம் ஏது என்பீர்கள். என் வீட்டிலும் இல்லை. கூடத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் சமாளிக்கிறோம். சுவரில் கறுப்பாகப் பூத்திருப்பது பூஞ்சணம். நீர்க்கசிவை அடைக்காமல் அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பது வீண் செலவு. கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டுங்கள். வீசிங்காரர் இருக்கும் வீட்டில் சாம்பிராணிக்கும் விடுமுறை கொடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை மருந்துக்கடை வாசலில்தான். “அலர்ஜிக்கு நாலு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்று கேட்டால், கலர் கலராகச் சேர்த்துப் பொட்டலம் மடித்துத் தரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் ஒரு குட்டி மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம். தும்மல் மந்திரம் போட்டதுபோல் நிற்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பசி பெருகும், முகம் உப்பும், ரத்தச் சர்க்கரை ஏறும். “உடம்பு தேறியிருக்கியே” என்று சொந்தக்காரர்கள் பாராட்டவும் செய்வார்கள். சிப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தைப் பசி தூண்டுவதற்கே எழுதிக்கொடுப்பதுண்டு. ஆகவே பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டநாள் சாப்பிட்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரைக்கு ஓடுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். இன்ஹேலரில் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பெல்லாம் சுற்றுகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கும் பொறுமை வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாளாகும். உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்குமேல் தொடராதீர்கள், அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

நடையை நிறுத்த வேண்டாம். மழையென்றால் வராந்தாவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். மார்கழியில் பனி விலகி வெயில் வந்தபிறகு கிளம்புங்கள். நடந்தால் இழுக்கிறது என்றால், அதற்கு முன்கூட்டி எடுக்கும் மருந்து உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். போகியன்று காலை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். பழைய பாயையும் டயரையும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். மூச்சிரைப்பில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவைத் தொட்டாலே நம் நாட்டு அளவுகோலில் அது பருமன். 80 கிலோ உள்ளவர் நாலு கிலோ குறைத்தாலும் உடம்பு நன்றி சொல்லும். இன்றே தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்துவிடுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. அளவைக் காலண்டரில் குறித்துவைத்து, தை முதல் நாள் மறுபடி அளந்து பாருங்கள். பொங்கல் சாப்பிடுவதற்கு முன்னால்.