கொள்ளிடத்துப் படகுக்கு ஒரு புரொப்பல்லர்

பழையாறு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதமும், புரொப்பல்லரைப் பிடித்து அனுப்பிய படங்களும் கிடைத்தன. திருமழபாடியில் நீங்கள் நண்பர்கள் சேர்ந்து வெள்ள நாளில் உதவ ஒரு பழைய ஃபைபர் படகையும், அதற்கு 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டாரையும் வாங்கியிருக்கிறீர்கள் என்று உன் அம்மா போனில் சொன்னபோதே எனக்குப் பெருமையாக இருந்தது. கொள்ளிடம் வெள்ளத்துக்கான ஆறு. மேட்டூர் 120 அடி நிரம்பி, காவிரி தாங்காது என்றால் முக்கொம்பிலிருந்து மிச்சம் முழுவதையும் உங்கள் பக்கம்தான் திருப்புவார்கள். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போன தண்ணீர் உங்கள் ஊரைத் தொட்டுத்தான் இங்கே வந்தது. 2022 வெள்ளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் என்று ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாளில் படகு இழுக்கவில்லை என்றால் அது வெறும் பாரம். அதனால் நீ கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தனியாகப் போனால் படகு நன்றாக ஓடுகிறது, ஆறு பேர் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தவழ்கிறது, புகையும் அதிகம் என்று எழுதியிருந்தாய். மோட்டாரின் சக்தி போய்விட்டது, 25 குதிரைத்திறனாக வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அவசரப்படாதே. நீ அனுப்பிய படத்தில் புரொப்பல்லரின் மேல் 9¼ × 10½ என்று பொறித்திருக்கிறது. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். புரொப்பல்லர் ஒரு முழுச் சுற்று சுற்றினால், வழுக்கலே இல்லாமல் இருந்தால், எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். விட்டத்தை நாம் பெரிதாக மாற்ற முடியாது. கியர் பெட்டிக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடமோ அவ்வளவுதான். மாற்றிப் பார்க்கக் கூடியது பிட்ச். கடலோரத்தில் ஆள் குறைவாக, வலை இலேசாக, வேகம் வேண்டும் என்று ஓட்டியவர்கள் மாட்டிய பெரிய பிட்ச் உன் கைக்கு வந்திருக்கிறது. உன் வேலையோ ஆளையும் ஆட்டையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு எதிர் நீரோட்டத்தில் ஏறுவது. டிராக்டரைச் சேற்றில் மேல் கியரில் போட்டு முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இப்போது உன் மோட்டாருக்கு ஆகிறது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் முழுத் திராட்டிலில் அது சுற்ற வேண்டிய ஆர்.பி.எம். எல்லை ஒன்று உண்டு. உன் வகை மோட்டாருக்குப் பெரும்பாலும் 4500 முதல் 5500 வரை. ஆனாலும் உன் மாடலின் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள். வழக்கமான சுமையோடு, முழுத் திராட்டிலில், அந்த எல்லைக்குள் மோட்டாரைச் சுற்றவிடும் புரொப்பல்லர்தான் சரியான புரொப்பல்லர். விலையோ பளபளப்போ அதற்கு அளவுகோல் இல்லை. எல்லைக்குக் கீழே திணறினால் சிலிண்டர் சூடேறும், கரி படியும், பிஸ்டன் கீறும். எல்லைக்கு மேலே பறந்தால் ரிங்கும் கனெக்டிங் ராடும் தேயும். பழைய மோட்டார்கள் பெரும்பாலும் திணறித்தான் சாகின்றன. சத்தம் குறைவாக இருப்பதால் ஓட்டுகிறவனுக்கு அது தெரிவதில்லை.

காதால் ஆர்.பி.எம். கணிக்காதே. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டுகிற சின்ன டேக்கோமீட்டர் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு பொறி, உன் மாடலுக்கு எத்தனை என்று பார்த்துக்கொள். மீட்டரை அதற்கேற்ப வைத்துக்கொள், இல்லாவிட்டால் பாதியோ இரட்டிப்போ காட்டி உன்னைக் குழப்பும்.

சோதனையை வெள்ளத்தில் செய்யக் கூடாது. தண்ணீர் அமைதியாக, ஆழம் போதுமானதாக இருக்கிற நாளில், பகலில், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வெறும் படகில் சோதிக்காதே. நீங்கள் உண்மையில் ஏற்றப் போகிற ஆள் எண்ணிக்கையும் நிறைந்த பெட்ரோல் டேங்கும் இருக்கட்டும். முழுத் திராட்டில் கொடுத்து, எண் நிலைத்தபிறகு குறித்துக்கொள். போனில் ஜி.பி.எஸ். வேகத்தையும் பார்ப்பாய். அது கரையை வைத்துச் சொல்கிற வேகம். ஆற்றில் அது ஏமாற்றும்: கீழ்நோக்கிப் போனால் நீரோட்டம் கூட்டிக் காட்டும், மேல்நோக்கி வந்தால் குறைத்துக் காட்டும். இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடு. ஆர்.பி.எம்-க்கு அந்தத் தொல்லை இல்லை. புரொப்பல்லர் தள்ளுவது தண்ணீரை. கரை எங்கே இருந்தால் அதற்கென்ன?

ஆறு பேரோடு 4400 வந்தது என்று வைத்துக்கொள். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். 10½-க்குப் பதில் 8 மாட்டினால் இரண்டரை அங்குலம் குறைகிறது. 4800, 4900 பக்கம் வந்துவிடும். எல்லைக்குள் வந்தாயிற்று. வேகம் போய்விடுமே என்று நினைப்பாய். கணக்குப் போட்டுப் பார். கியர் விகிதம் 2.08 என்றால், 4400-இல் 10½ பிட்ச் வழுக்கலே இல்லாமல் மணிக்கு 34 கிலோமீட்டர் போக வேண்டும். 4900-இல் 8 பிட்ச் 29 கிலோமீட்டர்தான். ஆனால் உன் படகு இப்போது அந்த 34-இல் பாதிகூடப் போகவில்லை. மீதி முழுவதும் வழுக்கல். சின்ன பிட்ச்சில் மோட்டார் தன் முழுச் சக்தியை எட்டும், மூக்கு தணியும், நிஜ வேகம் கூடவே வாய்ப்பு அதிகம்.

புரொப்பல்லர் சின்னதானால் வேகம் கூடலாம் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு விபத்து. ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணை எழுப்பிய அதே 1836-இல், இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி திருகு வடிவப் புரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடையது மரத்தில் செய்த, இரண்டு முழுச் சுற்றுள்ள நீளத் திருகு. அடுத்த வருஷம் கால்வாய்ச் சோதனையில் எதிலோ மோதி அதில் பாதி உடைந்துபோனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது. பரப்பு கூடினால் தள்ளலும் கூடும் என்று நினைத்துவந்த இடத்தில், எஞ்சின் சுமக்க முடிந்த அளவே நல்லது என்று அந்த உடைசல் சொல்லிக்கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது.

ஆனால் புரொப்பல்லர் வாங்கப் போவதற்கு முன்னால் மூன்றைப் பார்த்துவிடு. ஒன்று, மோட்டாரின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கிறதல்லவா, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். இரண்டு, கம்ப்ரெஷன். இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டவில்லை என்றால் எந்தப் புரொப்பல்லரும் உதவாது. முதலில் மெக்கானிக்கிடம் போ. மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: புரொப்பல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ். பழைய ரப்பர் சுமை வந்தால் மட்டும் நழுவும். மோட்டார் அலறும், படகு நகராது. உன்னுடையதில் அப்படி இல்லை என்று தோன்றுகிறது, ஆனாலும் உள் குழாயிலிருந்து வெளி உருளைவரை பெயிண்டால் ஒரு கோடு இழு. ஓட்டி வந்தபின் கோடு முறிந்து நின்றால் ரப்பர் போய்விட்டது.

உலோகத்தில் அலுமினியமே வாங்கு. ஸ்டீல் மெல்லிதாக, வேகமாக இருக்கும். ஆனால் உங்கள் ஆற்றில் மணல் திட்டும், அடித்து வரும் கருவேல மரமும் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. அலுமினிய இலை வளைந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அடியைக் கியருக்குக் கடத்திவிடும். நாலு இலை வேண்டாமா என்று கேட்டிருந்தாய். சுமைக்கு அது நல்லதுதான், ஆனால் இந்தச் சின்ன மோட்டாருக்கு எளிதில் கிடைக்காது. மூன்று இலையே போதும். பிட்ச்சுக்குப் பின்னால் ஓர் எழுத்துக் குறி இருந்தால் அதையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போ; யமஹா போன்ற கம்பெனிகளில் எந்த மோட்டார் குடும்பத்துக்குப் பொருந்தும் என்பதை அதுதான் சொல்லும்.

பழையதைக் கழற்றும்போது தண்டைச் சுற்றி நரம்பு வலை சிக்கியிருக்கிறதா பார். நரம்பு ஆயில் சீலை அறுத்துவிடும். பிறகு கியர் ஆயில் பால் மாதிரி வெளுக்கும். தண்டின் பல்லில் கிரீஸ் தடவி, வாஷர் இருந்த வரிசையிலேயே மாட்டி, காட்டர் பின் மட்டும் புதிதாகப் போடு. 10½-ஐ எறிந்துவிடாதே. ஒரு நட்டு, ஒரு பின், ஸ்பானரோடு படகிலேயே கட்டி வை. இலை உடைந்தால் கரை சேர்க்க அது போதும்.

ஒன்றை மட்டும் உன் நண்பர்கள் எல்லோரிடமும் சொல். தண்ணீரில் கிடப்பவரை ஏற்றும்போது நியூட்ரல் போதாது. நியூட்ரலிலும் புரொப்பல்லர் மெல்லச் சுற்றலாம். அவர் படகின் பக்கம் வருவதற்கு முன்பே மோட்டாரை அணைத்துவிடுங்கள். ஓட்டுகிறவன் கில் சுவிட்ச் கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

8 பிட்ச் போட்டு, ஆறு பேரோடு எவ்வளவு ஆர்.பி.எம். வருகிறது, ஒருவனாகப் போகும்போது எவ்வளவு என்று இரண்டையும் எழுது. தனியாகப் போகும்போது 5500-ஐத் தாண்டினால் திராட்டிலைக் கொஞ்சம் குறைத்து ஓட்டு. மறுபடி பெரிய பிட்ச்சுக்கு மாறாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா